சிவப்பு பீன்ஸும் மணியக்காவின் தயிர்ச்சாதமும்

போன வியாழக்கிழமை எங்கள் ஆய்வுகூடத்துச் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தபோது, யாரோ செலரியையும் வெங்காயத்தையும் கப்சிகம் என்கிற குடைமிளகாயையும் எண்ணெயில் ஒன்றாக வதக்கிக் கொண்டுவந்து சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். தனித்தனியாக இந்த மூன்றும் என்னை ஒன்றும் செய்வதில்லை. சேர்ந்து வரும்போதுதான் கால் நின்றுவிடுகிறது. சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே திரும்பிப் போய் மேசை லாச்சிக்குள் இருந்த இரண்டு பிஸ்கட்டைச் சாப்பிட்டேன். ஒருத்தரும் கவனிக்கவில்லை. நான் நிதானமான பெண் என்று இங்கே எல்லாருக்கும் ஓர் எண்ணம் உண்டு. பல சமயங்களில் அது எனக்கு வசதியாக இருக்கிறது.

உங்களிடம் சொல்வதற்கென்ன. அந்த வாசனைக்குப் பின்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. அதற்குள் மணியக்கா இருக்கிறார். அவருடைய நல்ல பெயரும், அதை நம்பி யாழ்ப்பாணத்தில் காத்துக்கொண்டிருந்த அவருடைய மகளின் பயணமும் ஒரு நாள் என் வாயிலிருந்து வரவேண்டிய ஒரு பதிலில் தொங்கிக்கொண்டிருந்தன.

எழுபதுகளின் நடுப்பகுதி. உணவுப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் தொழில்நுட்ப உதவியாளராக நான் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வயது இருபத்து நான்கு. சிட்னியில் தமிழ்க் குடும்பங்களை விரல் விட்டு எண்ணலாம். எண்ணி எழுதியும் வைத்திருந்தேன். லிட்கம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு செங்கல் கட்டடத்தின் மேல்மாடியில் இரண்டு அறை. ஓர் அறை எனக்கு, மற்றது ரெனேவுக்கு. சலவைக் கடையின் அறிவிப்புப் பலகையில் அவள் ஒட்டியிருந்த துண்டைப் பார்த்துத்தான் அங்கே குடிபோனேன். ஆசிரியர் போதாது என்று அரசாங்கம் அமெரிக்காவிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த காலம் அது. ரெனே அப்படி வந்தவள். லூசியானாவின் சதுப்பு நிலப் பக்கம் அவளுடைய ஊர். தன்னை கேஜன் என்று சொல்லிக்கொண்டாள். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன்.

“பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு பேசி அடி வாங்கின அமெரிக்கர்கள்” என்றாள்.

ரெனேயின் திங்கட்கிழமைச் சாப்பாடு சிவப்பு பீன்ஸும் சோறும். அவளுடைய ஊரில் திங்கள் உடுப்புத் தோய்க்கும் நாளாம். ஞாயிறு மிஞ்சிய பன்றித் தொடை எலும்பை, இரவே ஊறப்போட்ட சிவப்பு பீன்ஸோடு பானையில் போட்டுவிட்டுத் தோய்க்கப் போய்விடுவார்களாம். எங்கள் குசினியிலும் அதே ஒழுங்குதான். வாரக்கடைசியில் குளிர்ப்பெட்டியில் எதெல்லாம் மிஞ்சியதோ அதெல்லாம் திங்கட்கிழமைப் பானைக்குள் போகும்: பாதி கப்சிகம், வாடிய செலரித் தண்டு, அடியில் கொஞ்சம் தக்காளி கிடக்கும் தகரம், வெள்ளிக்கிழமைச் சோறு. எனக்குப் பன்றி ஆகாது என்பதால், எலும்பு விழுவதற்கு முன் என் பங்கைச் சின்னச் சட்டியில் பிரித்துவிடுவாள்.

மிச்சங்களுக்குப் பட்டியல் போடுவது என் வேலை. ஒவ்வொரு கிண்ணத்திலும் பெயர், திகதி, நேரம் எழுதி ஒட்டுவேன். அந்தப் பட்டியலின் பிரதி ஒன்று குளிர்ப்பெட்டிக் கதவிலும் இருக்கும். ரெனே கதவைத் திறக்கும்போதெல்லாம், “பிணவறைக்குள் வந்துவிட்டேன், எல்லாருடைய கால்விரலிலும் சீட்டுக் கட்டியிருக்கிறது” என்பாள்.

அவள் சமைப்பதைப் பார்ப்பது எனக்குக் கொஞ்சம் அவதி. அளவு கிடையாது, நேரம் கிடையாது. பானையை முதலில் பெரிய நெருப்பில் வைத்துக் குசினி யன்னல் முழுக்க ஆவி பிடிக்கும்வரை குதிக்கக் கொதிக்கவிடுவாள். பிறகு நெருப்பைத் தணித்து, அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் ஒரு கொட்டையை எடுத்துக் கடித்துப் பார்ப்பாள். கடைசியில் கொஞ்சத்தைப் பானையின் சுவரோடு வைத்து நசித்துக் குழம்பைத் தடிப்பாக்குவாள். பக்கத்தில் நின்று மணிக்கூட்டைப் பார்த்து அதையெல்லாம் பன்னிரண்டு படிகளாக எழுதினேன். கடித்துப் பார்ப்பதை அதில் சேர்க்கவில்லை. அளக்க முடியாத ஒன்றைச் செய்முறையில் எப்படிச் சேர்ப்பது? அந்தப் பெரிய கொதிப்பையும் விட்டுவிட்டேன். அது எலும்புக்காகத்தான் என்று நானே முடிவு செய்தேன். எனக்குத்தான் எலும்பு இல்லையே.

அந்தக் குளிர்காலம் என் சம்பளத்தில் நான் வாங்கிய முதல் பெரிய பொருள் ஒரு ஸ்லோ குக்கர். அப்போதுதான் கடைகளுக்கு வரத் தொடங்கியிருந்தது. உள்ளே மண்சட்டி, வெளியே மின்கம்பி, மேலே கண்ணாடி மூடி. மிகக் குறைந்த சூட்டில் எட்டு மணி, பத்து மணி நேரம் தானாக வேகவைக்கும். கூட வந்த சிறு புத்தகத்தை நான் இரண்டு தரம் வாசித்தேன். இடையில் மூடியைத் திறக்கக்கூடாது, ஒவ்வொரு தரமும் சூடு வீணாகும் என்று அதில் இருந்தது. நான் அதன் கீழ்க் கோடு போட்டேன்.

மாதத்தில் ஒரு ஞாயிறு ஹோம்புஷ்ஷில் டொக்டர் அங்கிள் வீட்டில் எல்லாரும் கூடுவோம். அப்போது சிட்னியில் எங்களுக்குக் கோயில் இல்லை. அவருடைய வரவேற்பறையில் முருகன் படம் ஒன்றை வைத்துத் தேவாரம் பாடி, வீட்டுக்கு வீடு கொண்டுவந்த சாப்பாட்டைப் படைத்து, பிறகு மத்தியானம் சேர்ந்து சாப்பிடுவோம். வாழையிலைக்குப் பதில் அலுமினியத் தாள். படைக்கிற சாப்பாடென்றால் சில ஒழுங்குகள் உண்டு. அவற்றையும் நான் எழுதி வைத்திருந்தேன். வெங்காயம், உள்ளிப்பூண்டு சேர்ப்பதில்லை. பழஞ்சோறு வைப்பதில்லை. படைத்து முடியும்வரை சமைத்தவர் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை.

மணியக்கா அந்தக் கூட்டத்துக்கு எப்போதும் தயிர்ச்சாதம் கொண்டுவருவார். எங்கள் ஃபிளாட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவருடைய ஃபிளாட். வயது நாற்பதுக்குள்தான். கணவர் என்ஜினியராக வந்து, முதல் வருடமே மாரடைப்பில் போய்விட்டார். மகள் யாழ்ப்பாணத்தில் மணியக்காவின் தங்கையோடு. நிலையான வருமானம் இருக்கிறது என்று காட்டினால்தான் மகளை இங்கே எடுப்பிக்கலாம். ஆகவே பல்கலைக்கழகத்தில் படிக்கிற, தனியாக இருக்கிற தமிழ்ப் பெடியன்களுக்கு அவர் சாப்பாடு சமைத்துக் கொடுத்தார். பின்னேரங்களில் அவருடைய கதவுக்கு வெளியே அலுமினியச் சாப்பாட்டுக் கரியர்கள் வரிசையாக நிற்கும். குடிவரவு அலுவலகத்துக்குக் காட்டுவதற்காக அந்தப் பெடியன்கள் ஆளுக்கொரு கடிதம் எழுதிக் கொடுப்பதாக இருந்தது. அதை ஆங்கிலத்தில் ஒழுங்காக எழுதிக் கொடுத்தவளும் நான்தான். கையெழுத்துகள் மட்டும்தான் பாக்கி.

அந்தச் சனிக்கிழமை ரெனே ஆசிரியர்களோடு சிட்னிக்கு மேற்கே நீலமலைப் பக்கம் போயிருந்தாள். போகும் அவசரத்தில் ஊறப்போட்ட பீன்ஸை அப்படியே விட்டுவிட்டாள். குளிர்ப்பெட்டிக் கதவில் என் பட்டியலின் அடியில் ஒரு வரி மட்டும் கிறுக்கியிருந்தாள்: “பீன்ஸ் ஊறிக்கொண்டிருக்கிறது, அதைக் காப்பாற்று.” பெரிய கிண்ணம் நிறைய, வழுவழுவென்று, நல்ல இரத்தச் சிவப்பில் கிடந்தன. பட்டியலைப் பார்த்தேன். செலரித் தண்டு மூன்று. கப்சிகம் ஒன்றரை. தக்காளி அரைத் தகரம். காய்ந்த தைம் இலை, மிளகாய்த்தூள், பெருங்காயம். மறுநாள் கூட்டத்துக்கு நான் ஒரு கறி கொண்டுபோக வேண்டும். கணக்குச் சரியாக வந்தது. வெள்ளிக்கிழமைச் சோற்றை மட்டும் தொடவில்லை. படையலுக்குப் பழஞ்சோறு ஆகாது. தவிர, மிஞ்சிய சோற்றில் என்ன வளரும் என்று படித்திருந்தவள் நான்.

வெங்காயமில்லாமல் வதக்கினேன். ரெனே இருந்திருந்தால், வெங்காயம், செலரி, கப்சிகம் என்று அவள் எப்போதும் சேர்த்தே வதக்குகிற மூன்று கால் முக்காலியில் ஒரு காலை வெட்டிவிட்டாய் என்றிருப்பாள். பீன்ஸைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடி, மிகக் குறைந்த சூட்டுக்குத் திருப்பிவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தபோது கண்ணாடி மூடிக்குள் அழகான செந்நிறக் குழம்பு. நான் மூடியைத் திறக்கவில்லை. படைக்கிற சாப்பாடு என்பதால் வாயிலும் வைக்கவில்லை. அன்றைக்கு எல்லா விதிகளையும் நான் சரியாகவே கடைப்பிடித்தேன்.

மணியக்காவும் நானும் ஒன்றாகத்தான் ரயில் ஏறினோம். அவர் மடியில் கரியர், என் மடியில் துவாயால் சுற்றிய பானை. துவாயை விலக்கிக் கண்ணாடிக்குள் பார்த்தார்.

“உதென்ன, கௌபியே?”

“கௌபி மாதிரித்தான் அக்கா. அமெரிக்கன் சமையல்.”

“கொட்டை பெருசா இருக்கு. விரலால அமத்திப் பாத்தனீரோ?”

“மூடியைத் திறக்கக்கூடாதாம். புத்தகத்தில போட்டிருக்கு.”

“ஓம், புத்தகம் சொன்னாச் சரிதான். எங்களுக்கு வாசிக்கத் தெரியாதபடியாத்தான் விரலை வச்சிருக்கிறம்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். வெளியே ஃபிளெமிங்டன் சந்தைக் கூரைகள் போய்க்கொண்டிருந்தன. ஊரில் நாங்கள் கௌபி என்கிற தட்டைப்பயற்றை மெல்லிய நெருப்பில் அவித்துத் தேங்காய்ப்பூப் போட்டுச் சாப்பிட்டே வளர்ந்தவர்கள். கௌபி யாருக்கும் கெடுதல் செய்ததில்லை. பயறு, கடலை, கௌபி என்ற வரிசையில் இந்தச் சிவப்பு பீன்ஸையும் நான் பேசாமல் சேர்த்துவிட்டேன்.

படையல் முடிந்து பன்னிரண்டரைக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். பதினொரு பேர். என் பானைக்கு நல்ல வரவேற்பு. புதுச் சாமான் அல்லவா. டொக்டர் அங்கிள் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார்.

“கடிக்க நல்லா இருக்கு பிள்ளை. வெள்ளைக்காரர் எல்லாத்தையும் இப்பிடி நறுக்கெண்டுதான் சாப்பிடுவினம், என்ன?”

நானும் ஒரு வாய் வைத்தேன். நடுவில் பச்சை மணம். மாவாகாத ஒரு கரகரப்பு. நாக்கு அதைச் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் எல்லாரும் என் சமையலைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். விழுங்கிவிட்டேன்.

மணியக்கா தயிர்ச்சாதத்தைத் தூக்கிக்கொண்டு வந்தபோது டொக்டர் அங்கிள் கையைக் குறுக்கே வைத்தார். “எனக்கு வேண்டாம் மணி, தடிமன் பிடிச்சு மூக்கு ஓடுது.” அவருக்குப் பக்கத்திலிருந்த அவருடைய மகள் வசந்தி இரண்டையும் போட்டுச் சாப்பிட்டாள். அவளுக்கு அப்போது ஆறு மாதம். பசி அதிகமான காலம்.

முதலில் எழும்பிப் போனது வசந்திதான். இரண்டரை மணி இருக்கும். கர்ப்பம்தானே என்று ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. பத்து நிமிடத்தில் டொக்டர் அங்கிள் எழும்பினார். பிறகு ஒவ்வொருவராக. அந்த வீட்டில் குளியலறை ஒன்றுதான். பின்வளவில் மலர்ப்பாத்திகளுக்குப் பக்கத்தில், உடுப்புக் காயப்போடும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, நல்ல சேலைகளோடும் கோட்டுகளோடும் ஆட்கள் குனிந்து நின்றார்கள். சத்தி எடுக்கும் சத்தமும் நடுவில் யாரோ “முருகா” என்பதும்தான் கேட்டது. அயல் வீட்டு யன்னலில் திரை கொஞ்சம் விலகி மறுபடி மூடிக்கொண்டது. நானும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வயிற்றை யாரோ கயிறு முறுக்குவதுபோல் முறுக்கினார்கள்.

அந்த வீட்டில் நேராக நின்றது மணியக்கா மட்டும்தான். பிளாஸ்டிக் பேசினைக் கொண்டுவந்தார், கழுவினார், தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார், வசந்தியின் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அம்புலன்சுக்கு ரெலிபோன் எடுத்ததும் அவர்தான். யாரோ ஒரு பெண் குரல், கதிரையில் சாய்ந்தபடி, மெதுவாகச் சொன்னது இன்னும் கேட்கிறது.

“அவவுக்கு மட்டும் ஏன் ஒண்டும் செய்யேல்ல?”

வசந்தி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். வயிற்றிலிருந்த பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்றவர்கள் எல்லாரும் மாலைக்குள்ளேயே தெளிந்துவிட்டார்கள். எவ்வளவு வேகமாக வந்ததோ அவ்வளவு வேகமாக அது போய்விட்டது. ஆனால் இரண்டு நாளும் அவர்கள் ஒருவரோடொருவர் ரெலிபோனில் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு நான் புறப்படும் முன்பே டொக்டர் அங்கிள், சோபாவில் படுத்தபடி, என்னைக் கூப்பிட்டார். “நீர் லாப்பில வேலை செய்யிறனீர்தானே பிள்ளை. மிச்சத்தைக் கொண்டுபோய்ப் பாத்துச் சொல்லும். எங்களுக்கு உண்மை தெரியவேணும்.”

ஐந்து சிறு போத்தல்களில் எடுத்துக்கொண்டு போனேன். மேலாளர், வேலை நேரம் முடிந்தபிறகு செய்வதானால் செய் என்றார். கிருமி வளர்க்கும் அகார் தட்டுகளில் தடவி, இளஞ்சூட்டு இன்கியூபேற்றரில் வைத்தேன். அந்த அறைக்கென்று ஒரு மணம் உண்டு. சூடான இறைச்சித் தண்ணீரும் ஈரக் கடதாசியும் கலந்ததுபோல். இன்றைக்கும் அது எனக்குப் பழக்கமான மணம். அந்த இரண்டு நாளும் மட்டும் அது டொக்டர் அங்கிளின் பின்வளவு மணம்போல இருந்தது.

காத்திருந்த நேரத்தில் கொப்பியில் ஓர் அட்டவணை போட்டேன். இடப்பக்கம் பெயர்கள். மேலே சாப்பாடுகள். சாப்பிட்டவர்களுக்குச் சரி, சாப்பிடாதவர்களுக்குக் கோடு. வயிற்று வருத்தம் வந்தவர்களுக்குச் சிவப்பு. எல்லாருக்கும் ரெலிபோன் எடுத்து ஒழுங்காகக் கேட்டேன். மணியக்காவுக்கு மட்டும் எடுக்கவில்லை. வருத்தம் வந்தவர்களைத்தானே கேட்பது வழக்கம். அட்டவணை முடிந்தபோது பத்துப் பெயரும் சிவப்பு. பத்துப் பேரும் பீன்ஸ் சாப்பிட்டிருந்தார்கள். தயிர்ச்சாதம் தொடாதவர்கள் இரண்டு பேர், அவர்களில் ஒருவர் டொக்டர் அங்கிள், அவர்களும் சிவப்பு.

செவ்வாய்க்கிழமை தட்டுகளைத் திறந்தேன். பீன்ஸின் தட்டு வெறுமை. கழுவி வைத்ததுபோல் ஒன்றுமேயில்லை. தயிர்ச்சாதத்தின் தட்டில் நாலைந்து தட்டையான, சாம்பல் நிறப் புள்ளிகள். சோற்றில் வருகிற கிருமி. அது எந்த வீட்டுச் சோற்றிலும் நாலைந்து இருக்கும். ஒருவரை விழுத்துவதற்கு அதுபோல் இலட்சக்கணக்கில் வேண்டும். எனக்கு அது தெரியும். பரீட்சையில் எழுதிச் சித்தியடைந்திருக்கிறேன்.

அன்று மத்தியானம் டொக்டர் அங்கிள் லாப்புக்கே ரெலிபோன் எடுத்தார்.

“என்ன மாதிரிப் பிள்ளை? என்ன வந்திருக்கு?”

“தயிர்ச்சாதத்தில கொஞ்சம் கிருமி இருக்கு அங்கிள். பீன்ஸில ஒண்டும் இல்லை.”

“நான் நினைச்சனான். அப்ப மணியின்ர தயிர்ச்சாதம்தான்.”

என் முன்னால் கொப்பி திறந்தே கிடந்தது. அவருடைய பெயர், தயிர்ச்சாதத்துக்கு நேரே கோடு, சிவப்பு. ‘நீங்கள் தயிர்ச்சாதம் சாப்பிடேல்லையே அங்கிள்’ என்றால் போதும். நாலு வார்த்தை. அதற்குப் பிறகு அவர் கேட்கக்கூடிய அடுத்த கேள்வி எனக்குத் தெரியும்.

“இருக்கலாம் அங்கிள்” என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். இருக்கலாம் என்றுதானே சொன்னேன். தட்டில் இருந்ததையும் இல்லாததையும் அப்படியே சொன்னேன். அந்த ‘இருக்கலாம்’ லிட்கம் வந்து சேர்வதற்குள் ‘லாப்பில பிடிச்சிட்டினம்’ என்று மாறியிருந்தது. வாரம் முடிவதற்குள் ‘அதாலதான் அவ தன்ர சாப்பாட்டைத் தான் தொடேல்ல’ என்றும் ஆகிவிட்டது.

ரெனே திரும்பி வந்து எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“முதலில் கொதிக்க வைத்தாயா?”

“இல்லை. ஏன்?”

“ஏனென்று தெரியாது. என் அம்மா அந்த முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி கொதிக்க வைப்பாள். அவளுக்கும் ஏனென்று தெரியாது. கொதிக்காத பீன்ஸ் கெட்ட பீன்ஸ் என்பாள்.”

அந்த நிமிடம் எனக்கு விளங்கிவிட்டது. விளங்காதமாதிரி இருக்கவும் என் படிப்பு உதவியது. கிருமி இல்லை, தெரிந்த நஞ்சு எதுவும் இல்லை, பெயரில்லாத ஒன்றை அறிக்கையில் எப்படி எழுதுவது என்று கேட்டேன். ரெனே என் முகத்தைப் பார்த்துவிட்டு, குளிர்ப்பெட்டிக் கதவிலிருந்த பட்டியலில் தன்னுடைய அந்த ஒரு வரியை மட்டும் அழித்தாள். அந்த வருடம் முடிய ஊருக்குப் போய்விட்டாள். அதுவரைக்கும் திங்கட்கிழமைகளில் நாங்கள் முட்டை பொரித்துச் சாப்பிட்டோம்.

மணியக்காவின் கதவுக்கு வெளியே நின்ற கரியர்கள் குறைந்துகொண்டே வந்தன. வேலை முடிந்து வரும் வழி அந்தத் தெருதான். பாராமல் நடக்கப் பழக எனக்குச் சில நாள் பிடித்தது. ஆனாலும் எண்ணிவிடுவேன். எட்டு. ஐந்து. மூன்று. ஒரு நாள் கதவு மட்டும் இருந்தது. நான் தட்டச்சு செய்து கொடுத்த கடிதங்களில் யாரும் கையெழுத்துப் போடவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். ஞாயிற்றுக் கூட்டத்துக்கு அவர் மறுபடி வரவில்லை. வரவேண்டாம் என்று யாரும் சொல்லவும் இல்லை. அடுத்த மாதம் அவருக்கு யாரும் நாள் சொல்லி அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

மூன்று வருடங்களுக்குப் பிறகு, எங்கள் துறைச் சஞ்சிகைகளைப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு சிறு குறிப்பைப் பார்த்தேன். இந்தச் சிவப்பு பீன்ஸிலேயே இயற்கையாக ஒரு நஞ்சு இருக்கிறது, நன்றாகக் கொதித்தால் அழிந்துவிடும், குறைந்த சூட்டில் வெந்தால் பச்சையாகத் தின்பதைவிடவும் மோசம், இரண்டு மணி நேரத்தில் சத்தி எடுக்கும், மாலைக்குள் தெளிந்துவிடும். எங்கள் ஞாயிற்றுக்கிழமையை யாரோ பக்கத்தில் நின்று பார்த்து எழுதியதுபோல் இருந்தது. இப்போது அதற்குப் பெயர் இருந்தது. எனக்குச் சாக்கு இல்லாமல் போய்விட்டது.

அந்தச் சனிக்கிழமையே போனேன். மணியக்கா அதே ஃபிளாட்டில்தான் இருந்தார். பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை செய்துவிட்டு வந்து அப்போதுதான் எழும்பியிருந்தார். தலைமயிரில் இனிப்பு மணம். தேத்தண்ணி போட்டுத் தந்தார். அறை நடுவில் பெட்டி ஒன்று பாதி அடுக்கியபடி கிடந்தது. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பீன்ஸ், சூடு, நஞ்சு, தட்டு, அட்டவணை, இருக்கலாம் என்று சொன்னது. ஒழுங்காக, வரிசையாக, ஒன்றையும் விடாமல்.

அவர் என் தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக் கலக்கினார்.

“எனக்குத் தெரியும்.”

“என்னெண்டு அக்கா?”

“அண்டைக்கு ஒண்டை வாயில வச்சனான். வேகேல்ல. ஒருத்தரும் காணாமல் லேஞ்சியில துப்பிப் போட்டன். என்ர சோத்தை மட்டும் சாப்பிட்டனான்.”

“அப்ப ஏன் சொல்லேல்ல?”

“ஆர் என்னட்டைக் கேட்டது? நீர் எல்லாருக்கும் ரெலிபோன் எடுத்துக் கேட்டனீராம்.” கரண்டியைக் கோப்பைக்குக் கீழிருந்த பிரிச்சில் வைத்தார். “சொன்னாலும் ஆர் நம்பப் போகினம்? நீர் கண்ணாடியால பாத்துச் சொன்னனீர். நான் பல்லால பாத்தனான்.”

பெட்டியைக் காட்டி, ஊருக்கா என்று கேட்டேன். மகளுக்கு அங்கேயே கலியாணம் பேசிவிட்டார்களாம். இனி அவள் இங்கே வரப்போவதில்லை. இவர் போகிறார், திரும்பி வருவாரா என்று தெரியாது.

“நான் எல்லாரிட்டையும் சொல்லுறன் அக்கா. ஒருத்தரையும் விடமாட்டன்.”

“சொல்லும்” என்றார். “உமக்குச் சுகமாயிருக்கும்.”

அவர் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. சளிக்கு மருந்து சொல்வதுபோல் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பட்டியல் போட்டேன். அன்றைக்கு அந்த அறையிலிருந்த பதினொரு பேரில் என்னையும் மணியக்காவையும் கழித்தால் ஒன்பது. முதலில் டொக்டர் அங்கிளுக்கு எடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“இல்லைப் பிள்ளை, உமக்கு மாறிப்போச்சு. நான் தயிர்ச்சாதம் ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டனான். அதாலதானே எனக்கு அவ்வளவு வருத்தம் வந்தது.”

“நீங்கள் தடிமன் எண்டு வேண்டாமெண்டனீங்கள் அங்கிள். நான் எழுதி வச்சிருக்கிறன்.”

“எழுதேக்க பிழை வாறதுதான். பழசை விடும் பிள்ளை.”

கன்பெராவுக்குப் போன இருவருக்கும், பேர்த்துக்குப் போன குடும்பத்துக்கும், கனடாவுக்குப் போனவருக்கும் கடிதம் எழுதினேன். இரண்டு பதில் வந்தது. ஒன்றில் சுகம் விசாரித்திருந்தார்கள். மற்றதில், நல்ல காலம் அன்றைக்கு மணியின் சாப்பாடு அதோடு நின்றது, இல்லாவிட்டால் அந்தப் படிக்கிற பெடியன்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று எழுதியிருந்தது. மணியக்காவுக்கு ஊருக்கு இரண்டு கடிதம் போட்டேன். அவற்றுக்குப் பதில் இல்லை.

ஹோம்புஷ் வீட்டை டொக்டர் அங்கிள் விற்றுவிட்டார். வாங்கியவர்கள் பின்வளவு முழுக்கச் சீமெந்து போட்டுவிட்டார்கள். இப்போது, பத்து வருடத்துக்குப் பிறகு, நாங்கள் நிறையப் பேர். மண்டபம் எடுத்துக் கூடுகிறோம், சாப்பாட்டுக்கு ஆள் பிடிக்கிறோம். வீட்டுக்கு வீடு சமைத்துக் கொண்டுபோய்ப் படைத்த நாள்கள் எப்போது நின்றன என்று யாருக்கும் நினைவில்லை.

சென்ற மாதம் அப்படியொரு மண்டபத்தில் கலியாண வீடு. பந்தியில் எனக்குப் பக்கத்தில் அண்மையில்தான் ஊரிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். நல்ல கலகலப்பான பிள்ளை.

“இங்க விசேஷங்களில தயிர்ச்சாதம் வைக்கிறேல்லையாம், தெரியுமே அக்கா? முந்தி ஒரு மனுசி குடுத்து, ஒரு பிள்ளைத்தாச்சி செத்துப் போனவவாம்.”

எதிர் வரிசையில் வசந்தி தன் மகனுக்கு அப்பளம் நொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“ஒருத்தரும் சாகேல்ல” என்றேன். “அது தயிர்ச்சாதமும் இல்லை. நான் சமைச்ச பீன்ஸ்.”

அவள் என் கையைத் தட்டிச் சிரித்தாள். “சும்மா பகிடி விடாதேங்கோ அக்கா. நீங்கள் லாப்பில வேலை செய்யிற ஆள்.”

“உண்மையாத்தான். மணியக்காவில ஒரு பிழையும் இல்லை.”

அவள் பாயசத்தை எட்டி எடுத்துக்கொண்டே கேட்டாள்.

“மணியக்காவோ? அது ஆர்?”